முதல் செடித்தொட்டி: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

உயிருள்ள நீர்ச்செடிகளோடு ஒரு நன்னீர்த் தொட்டி வைக்க முதல் முறையாக இறங்குபவர்களுக்காக இதை எழுதுகிறேன். என்னிடம் வரும் கேள்விகளில் பெரும்பாலானவை தொட்டி வைத்து இரண்டு வாரம் கழித்துத்தான் வருகின்றன, அதுவும் ஏதாவது ஒன்று வாடிய பிறகு. அதனால் எதையும் வாங்கும் முன் ஒருமுறை முழுவதும் படித்துவிடுங்கள். முதல் இரண்டு மாதம் இது செடிகளின் தொட்டி, மீனுக்கு அவசரமே இல்லை. இந்த ஒன்று மனதில் பதிந்துவிட்டால் கீழே உள்ள பாதிக் கேள்விகளுக்கு நீங்களே பதில் சொல்லிவிடுவீர்கள்.

எவ்வளவு பெரிய தொட்டி வாங்கலாம்?

60 செ.மீ. நீளம், 30 செ.மீ. அகலம், 36 செ.மீ. உயரம் நல்ல தொடக்கம். ஏறத்தாழ 65 லிட்டர் பிடிக்கும். சின்னதாக இருந்தால் சுலபம் என்று நினைத்துப் பலர் 10, 15 லிட்டரில் தொடங்குகிறார்கள். உண்மையில் அதுதான் கஷ்டம். தண்ணீர் குறைவாக இருந்தால் அதன் வெப்பமும் கழிவின் அளவும் சட்டென்று ஏறி இறங்கும். நாலு இலை அழுகினால்கூடத் தண்ணீர் கெட்டுவிடும்.

உயரமான தொட்டியும் வேண்டாம். வெளிச்சம் அடிவரை போய்ச் சேராது, நடுவதற்குக் கையும் எட்டாது.

எங்கே வைப்பது?

நேர் வெயில் படாத இடத்தில். ஜன்னலோரம் அழகாக இருக்கும்தான், ஆனால் வெயில் பாசியை வளர்க்கும், தண்ணீரையும் சூடாக்கும். மண், கல், கண்ணாடி எல்லாம் சேர்ந்து 65 லிட்டர் தொட்டியின் எடை 80 கிலோவை நெருங்கும். தாங்கும் மேசைதானா என்று பார்த்து, ரசமட்டம் வைத்துச் சமன் பார்த்துவிட்டு அப்புறம் தொட்டியை வையுங்கள். தொட்டியின் அடிக்கண்ணாடி நேரடியாக மேசைமேல் உட்காரும் வகை என்றால் கீழே ஒரு மெல்லிய ஃபோம் விரிப்பு கட்டாயம். ஒரு மணல்துகள் இடையில் மாட்டினாலே கண்ணாடி விரிசல் விடலாம். தண்ணீர் ஊற்றிய தொட்டியை ஒருபோதும் நகர்த்தாதீர்கள்.

அடியில் மணலா, சரளையா, சத்துமண்ணா?

மூன்றிலும் செடி வளரும், வளரும் விதம்தான் வேறு.

சாதாரண மணலிலும் 1 முதல் 3 மி.மீ. சரளையிலும் சத்து எதுவும் இல்லை. வேர்ச்செடிகளுக்குப் பக்கத்தில் இரண்டு மூன்று மாதத்துக்கு ஒருமுறை உரமாத்திரை புதைக்க வேண்டும். மற்றபடி தொந்தரவே இல்லாத அடித்தளம் இது. அடுத்தது, செடித்தொட்டிக்கென்றே களிமண்ணைச் சுட்டுச் செய்த உருண்டை மண், அக்வாசாயில் என்பார்கள். வேர் நன்றாக ஓடும், தண்ணீரின் பிஎச் (அமிலத்தன்மையைக் காட்டும் அளவு) கொஞ்சம் இறங்கும். ஆனால் பலவகை அக்வாசாயில்கள் முதல் சில வாரங்கள் மீனுக்கு நஞ்சான அம்மோனியாவை விடும். இதைக் கழுவவும் கூடாது, கழுவினால் உருண்டைகள் கரைந்து சேறாகிவிடும். மூன்றாவது, தோட்டத்து மண்ணை 2 அல்லது 3 செ.மீ. பரப்பி மேலே அதே அளவு மணலால் மூடும் முறை. செடிகள் அருமையாக வரும். ஆனால் ஒரு செடியைப் பிடுங்கினாலும் சேறு கிளம்பும். முதல் தொட்டியில் எல்லோரும் பத்து முறையாவது செடியை இடம் மாற்றுவார்கள், அதனால் இதை இரண்டாவது தொட்டிக்கு வைத்துக்கொள்ளுங்கள் என்பேன்.

எதைப் போட்டாலும் முன்பக்கம் 4 செ.மீ., பின்பக்கம் 7 செ.மீ. என்று சரிவாகப் போடுங்கள். ஆழம் கூடுதலாகத் தெரியும், பின்வரிசை வேர்களுக்கும் இடம் கிடைக்கும். கல், சரளை வாங்கியதும் ஒன்றின் மேல் நாலு சொட்டு வினிகர் விடுங்கள். நுரைத்தால் அதில் சுண்ணாம்பு இருக்கிறது, தண்ணீரைக் கடினமாக்கிக்கொண்டே இருக்கும், தவிர்த்துவிடலாம்.

முதல் தொட்டிக்கு எந்தச் செடிகள்?

படத்தில் பார்க்கும் சிவப்புச் செடிகளையும் புல்வெளி போலப் படரும் குட்டைச் செடிகளையும் இப்போதைக்கு விட்டுவிடுங்கள். அவற்றுக்கு வலுவான வெளிச்சமும் கார்பன் டை ஆக்சைடும் வேண்டும்.

முதலில் வேகமாக வளரும் செடிகள் நிறைய வேண்டும். ஹைக்ரோஃபிலா, வாட்டர் ஸ்ப்ரைட், ஹார்ன்வோர்ட், ரோட்டாலா ரொட்டுண்டிஃபோலியா போன்றவை. இவை அழகுக்காக மட்டுமல்ல. தண்ணீரில் சேரும் அம்மோனியாவைச் செடிகள் நேரடியாகவே உண்ணும். வேகமாக வளரும் செடி வேகமாக உண்ணும், பாசிக்கு மிச்சம் வைக்காது. பின்வரிசைக்கு வாலிஸ்நேரியா. ரிப்பன் போல நீண்டு, மண்ணுக்கடியில் கொடி ஓட்டித் தானாகவே பெருகும்.

பிறகு மெதுவாக வளர்பவை: அனுபியாஸ், ஜாவா ஃபெர்ன், கிரிப்டோகோரைன், ஜாவா மாஸ். குறைந்த வெளிச்சத்திலும் இருக்கும், ஆண்டுக்கணக்கில் நிற்கும். அனுபியாஸையும் ஜாவா ஃபெர்னையும் மண்ணில் புதைக்கக் கூடாது. அவற்றின் இலைகளும் வேர்களும் படுத்த நிலையில் இருக்கும் ஒரு தடித்த தண்டிலிருந்து கிளம்பும். அந்தத் தண்டு மண்ணுக்குள் போனால் அழுகிவிடும். கல்லிலோ மரக்கட்டையிலோ பருத்தி நூலால் கட்டிவிடுங்கள். நூல் இற்றுப்போவதற்குள் வேர் பிடித்திருக்கும்.

எத்தனை செடி என்று கேட்டால், நீங்கள் நினைத்ததைப் போல இரண்டு மடங்கு. மண்ணின் பரப்பில் முக்கால்வாசி முதல் நாளே மூடியிருக்க வேண்டும். நாலு செடி நட்டுவிட்டு அது பெருகட்டும் என்று காத்திருந்தால், காத்திருக்கும் நேரத்தில் பெருகுவது பாசிதான்.

நடுவது எப்படி?

தொட்டியில் மண் நனையும் அளவுக்கு மட்டும் தண்ணீர் விட்டுக்கொண்டு நடுங்கள். நிறைந்த தொட்டியில் நட்டால் ஒன்றை நடும்போது இன்னொன்று மிதக்கும். சட்டியில் வந்த செடி என்றால் வேரைச் சுற்றியுள்ள பஞ்சைப் பொறுமையாகப் பிரித்தெடுங்கள். நீண்ட வேர்களைக் கத்தரித்து 2, 3 செ.மீ. விட்டால் போதும். தண்டுச் செடிகளைக் கட்டாக நடாமல் ஒவ்வொரு தண்டாகப் பிரித்து, அடி இலைகளைக் கிள்ளிவிட்டு, நீண்ட இடுக்கியால் சாய்வாகச் செருகுங்கள். நடும் நேரம் முழுக்க இலைகள் காயாமல் தண்ணீர் தெளித்துக்கொண்டே இருக்க வேண்டும். நட்டு முடித்ததும் மண்மேல் ஒரு தட்டை வைத்து அதன்மேல் மெதுவாகத் தண்ணீரை ஊற்றுங்கள்.

நட்ட பத்தே நாளில் இலையெல்லாம் கண்ணாடி மாதிரி ஆகி அழுகுகிறது. செடி செத்துவிட்டதா?

அநேகமாக இல்லை. இந்தக் கேள்விக்காகத்தான் இந்தப் பக்கத்தையே எழுத நினைத்தேன்.

கடைக்கு வரும் நீர்ச்செடிகளில் பல, பண்ணையில் தண்ணீருக்கு வெளியே வளர்ந்தவை. வேர் மட்டும் ஈரத்தில் இருக்கும், இலை காற்றில் இருக்கும். அப்படி வளர்த்தால் வேகமாக வளரும், பாசியும் நத்தையும் ஒட்டாது. காற்றில் வளர்ந்த இலைக்கு மேல்தோல் தடிப்பாக இருக்கும், காற்றிலுள்ள கார்பன் டை ஆக்சைடை எடுப்பதற்கென்றே அமைந்திருக்கும். அதைத் தண்ணீருக்குள் மூழ்கடித்தால் அந்த இலையால் வேலை செய்ய முடியாது. செடி அதிலிருந்து எடுக்க முடிந்த சத்தை எடுத்துக்கொண்டு இலையைக் கைவிடும், தண்ணீருக்கேற்ற மெல்லிய புதிய இலைகளை விடும். பழைய இலையும் புதிய இலையும் ஒரே செடியுடையவை என்று நம்பவே முடியாத அளவுக்குச் சில செடிகள் மாறிவிடும்.

கிரிப்டோகோரைன் இதில் இன்னும் ஒரு படி மேலே. ஏற்கெனவே தண்ணீருக்குள் வளர்ந்ததாக இருந்தாலும், இடம் மாற்றினால், தண்ணீர் மாறினால், ஏன் வெளிச்சம் மாறினால்கூட, ஒட்டுமொத்த இலைகளையும் உதிர்த்துவிடும். என் முதல் தொட்டியில் இரண்டாவது வாரம் இப்படி ஆனபோது எல்லாவற்றையும் பிடுங்கி எறிந்துவிட்டேன். ஒன்று மட்டும் கல்லுக்கடியில் மாட்டிக்கொண்டதால் தப்பியது. ஒரு மாதம் கழித்து அந்த இடத்தில் விரல்நுனி அளவு மூன்று பச்சை இலைகள். எறிந்தவற்றை நினைத்து இன்றும் வருத்தமாக இருக்கிறது.

அதனால் செய்ய வேண்டியது இதுதான். அழுகிய இலையை அடியோடு கத்தரித்து வெளியே எடுங்கள், தண்ணீரில் கிடந்தால் அம்மோனியா ஏறும். வேரையும் குருத்தையும் தொடாதீர்கள். லேசாக இழுத்துப் பாருங்கள், வேர் பிடிமானத்தோடு இருந்தால் செடி உயிரோடு இருக்கிறது. குருத்துப் பகுதி கொழகொழவென்று நசுங்கி நாற்றம் அடித்தால் மட்டுமே செத்ததாக அர்த்தம். மூன்று முதல் ஆறு வாரம் பொறுங்கள்.

லைட் எவ்வளவு நேரம் எரிய வேண்டும்?

முதல் மாதம் 6 மணி நேரம், அதற்கு மேல் வேண்டாம். செடிகள் இன்னும் வேர் பிடிக்காத நேரத்தில் கூடுதல் வெளிச்சத்தைப் பயன்படுத்திக்கொள்வது பாசிதான். புதிய இலைகள் வரத் தொடங்கியதும் வாரத்துக்கு அரை மணி நேரமாகக் கூட்டி 8 மணி நேரத்தில் நிறுத்திக்கொள்ளலாம். கட்டாயம் ஒரு டைமர் வாங்குங்கள். ஒரு நாள் 5 மணி, மறுநாள் 11 மணி என்று கையால் போட்டு அணைப்பது செடிக்கு ஆகாது.

எவ்வளவு வலுவான லைட் என்றால், மேலே சொன்ன சுலபமான செடிகளுக்கு லிட்டருக்கு 20 முதல் 30 லூமன் (வெளிச்சத்தின் அளவு) தாராளம். 6500 கெல்வின் (வெளிச்சத்தின் நிறத்தைக் குறிக்கும் அளவு) கொண்ட வெள்ளை எல்இடி செடிக்கும் நல்லது, கண்ணுக்கும் இயல்பாக இருக்கும்.

கார்பன் டை ஆக்சைடு சிலிண்டர் கட்டாயமா?

கட்டாயம் இல்லை. மேலே சொன்ன எல்லாச் செடிகளும் அது இல்லாமலே வளரும். முதல் தொட்டியை அது இல்லாமல் வைப்பதே நல்லது என்பது என் கருத்து. வாயுவைச் சேர்த்தால் செடி பல மடங்கு வேகமாக வளரும், அதற்கேற்ப வெளிச்சமும் உரமும் கத்தரிக்கும் வேலையும் கூடும். எங்காவது ஒன்று குறைந்தால் பாசி வரும்.

பின்னாளில் சேர்ப்பதாக இருந்தால் குறி லிட்டருக்கு 20 முதல் 30 மி.கி. டிராப் செக்கர் என்ற சின்னக் கண்ணாடிக் குமிழ் நிறத்தால் அதைக் காட்டும்: நீலம் என்றால் குறைவு, பச்சை என்றால் சரி, மஞ்சள் என்றால் அதிகம். லைட் எரிவதற்கு ஓரிரு மணி நேரம் முன்பு திறந்து, அணைவதற்கு ஒரு மணி நேரம் முன்பு மூட வேண்டும். இரவில் செடி அதை எடுக்காது, மாறாக அதுவும் சுவாசித்து ஆக்சிஜனைத்தான் எடுக்கும். மீன்கள் மேலே வந்து வாய் பிளந்தால் உடனே வாயுவை மூடிவிட்டுத் தண்ணீரின் மேற்பரப்பைக் கலக்குங்கள்.

மீனை எப்போது விடலாம்?

தண்ணீரைச் சோதிக்கும் கருவி சொல்லும்போது. நாள்கணக்கு உதவாது.

நடப்பது இதுதான். அழுகும் இலை, மிஞ்சிய தீனி, மீனின் கழிவு எல்லாவற்றிலிருந்தும் அம்மோனியா வரும். அது மீனின் செவுள்களைப் பொசுக்கும். ஒருவகை நுண்ணுயிர் அம்மோனியாவை நைட்ரைட்டாக மாற்றும். நைட்ரைட்டும் நஞ்சுதான், மீனின் இரத்தம் ஆக்சிஜனைச் சுமக்க முடியாமல் செய்துவிடும். இன்னொரு வகை நுண்ணுயிர் நைட்ரைட்டை நைட்ரேட்டாக மாற்றும். நைட்ரேட் அளவோடு இருந்தால் மீனுக்குத் தீங்கில்லை, செடிக்கு உரம். இந்த நுண்ணுயிர்கள் கடையிலிருந்து தொட்டியோடு சேர்ந்து வருவதில்லை. ஃபில்டர் பஞ்சிலும் மண்ணிலும் கல்லிலும் அவை குடியேறிப் பெருக வேண்டும், அதற்குப் பொதுவாக நான்கு முதல் ஆறு வாரம் ஆகும்.

அக்வாசாயில் போட்டிருந்தால் அதிலிருந்து வரும் அம்மோனியாவே பெரும்பாலும் போதும். சரளை என்றால், வாசனையோ நுரையோ சேர்க்காத அம்மோனியாக் கரைசலை லிட்டருக்கு 2 மி.கி. அளவுக்குச் சேர்க்கலாம். அந்த 2 மி.கி. 24 மணி நேரத்துக்குள் மறைந்து, அம்மோனியாவும் நைட்ரைட்டும் பூஜ்யம் காட்டி, நைட்ரேட் மட்டும் தெரிந்தால் தொட்டி தயார். பெரிய அளவில் தண்ணீர் மாற்றிவிட்டு முதலில் ஐந்தாறு சின்ன மீன்கள் மட்டும் விடுங்கள். அடுத்தவை இரண்டு வாரம் கழித்து.

இதைச் சீக்கிரமாக்க ஒரே நல்ல வழி, நோயில்லாத பழைய தொட்டி வைத்திருக்கும் நண்பரிடம் பயன்படுத்திய ஃபில்டர் பஞ்சு ஒரு துண்டு வாங்கி, காயாமல் கொண்டுவந்து உங்கள் ஃபில்டரில் வைப்பது. ‘ரெண்டு மீன் விட்டுப் பாருங்க, தாங்குதான்னு தெரிஞ்சிடும்’ என்று யாராவது சொன்னால் தயவுசெய்து கேட்காதீர்கள். அந்த இரண்டு மீனும் படும் வேதனையைத் தவிர்க்கத்தான் நாம் ஆறு வாரம் காத்திருக்கிறோம்.

குழாய்த் தண்ணீரை அப்படியே ஊற்றலாமா?

குளோரின் கலந்த தண்ணீர் என்றால் ஊற்றக் கூடாது. நுண்ணுயிர்களையும் கொல்லும், மீனின் செவுளையும் கெடுக்கும். வாய் அகன்ற பாத்திரத்தில் ஒரு நாள் வைத்தால் குளோரின் போய்விடும், ஆனால் குளோரினும் அம்மோனியாவும் சேர்ந்த குளோரமைன் போகாது. இரண்டில் எது கலக்கிறார்கள் என்று தெரியாவிட்டால் குளோரின் நீக்கி மருந்தைச் சேர்ப்பதே பத்திரம்.

ஆர்ஓ தண்ணீரில் கால்சியம், மக்னீசியம் கிட்டத்தட்ட இருக்காது. அதை மட்டுமே ஊற்றினால் செடி பட்டினி கிடக்கும், பிஎச்சும் நிலையாக நிற்காது. கடினத் தண்ணீரோடு பாதிக்குப் பாதி கலக்கலாம், அல்லது அதற்கான உப்புகளைச் சேர்க்கலாம். ஆவியாகிக் குறைந்த தண்ணீரை ஈடுகட்ட மட்டும் ஆர்ஓ மிகப் பொருத்தம்.

தண்ணீரை எத்தனை நாளுக்கு ஒருமுறை மாற்றுவது?

வாரம் ஒருமுறை 30 சதவீதம். புது அக்வாசாயில் என்றால் முதல் வாரம் ஒருநாள் விட்டு ஒருநாள் பாதி, இரண்டாவது வாரம் இரண்டு முறை, பிறகு வாரம் ஒருமுறை. புதுத் தண்ணீரின் வெப்பம் தொட்டியின் வெப்பத்தை ஒட்டி இருக்கட்டும்.

ஃபில்டரை இரவில் அணைக்கலாமா?

வேண்டாம். அதிலுள்ள நுண்ணுயிர்களுக்கு ஓடும் தண்ணீரிலிருந்துதான் ஆக்சிஜன் கிடைக்கிறது. பஞ்சைக் கழுவும்போதும் குழாயடியில் பிடிக்காமல், தொட்டியிலிருந்து எடுத்த தண்ணீரில் பிழிந்து வையுங்கள். ஒரு மணி நேரத்தில் தொட்டித் தண்ணீரைப் போல ஐந்து மடங்கு ஓட்டும் ஃபில்டர் போதும்.

இலையிலும் கண்ணாடியிலும் பழுப்பாகப் படிகிறது. என்ன செய்வது?

விரலால் தேய்த்தால் மாவு போல வந்துவிடும் பழுப்புப் படலம் டயாட்டம். புதுத் தொட்டிகளில் இரண்டாவது, மூன்றாவது வாரம் பெரும்பாலும் வரும், ஓரிரு மாதத்தில் தானே போகும். துடைத்துவிட்டுத் தண்ணீர் மாற்றுங்கள், அவ்வளவுதான்.

பச்சை இழைப்பாசி என்றால் வெளிச்சம் அதிகம், செடி போதவில்லை. பழைய பல்துலக்கியால் சுருட்டி எடுத்துவிட்டு லைட் நேரத்தைக் குறையுங்கள். கறுப்புத் தாடி போல இலை ஓரத்தில் முளைப்பது கொஞ்சம் பிடிவாதமானது. வாயு சேர்க்கும் தொட்டி என்றால் கார்பன் டை ஆக்சைடு நிலையில்லாமல் ஏறி இறங்குவதைச் சந்தேகப்படுங்கள். அது பிடித்த இலையைக் கத்தரித்துவிடுவதே நல்லது. மண்மேல் நீலப்பச்சைப் போர்வையாகப் படர்ந்து மண்வாடை வீசினால் அது பாசியே அல்ல, சயனோபாக்டீரியா. உறிஞ்சி எடுத்துவிட்டு அந்தப் பக்கம் தண்ணீர் ஓட்டம் போகும்படி செய்யுங்கள்.

பாசிக்கொல்லி மருந்தை மட்டும் ஊற்றாதீர்கள். காரணம் அப்படியே இருக்கும்போது பாசி திரும்பி வரும். செம்பு கலந்த மருந்தாக இருந்தால் இறால்களும் நத்தைகளும் செத்துவிடும்.

உரம் எப்போது போட வேண்டும்?

முதல் இரண்டு மூன்று வாரம் தேவையில்லை. புதிய இலைகள் வந்ததும், போத்தலில் எழுதிய அளவில் பாதியை வாரம் ஒருமுறை ஊற்றுங்கள். அதன்பின் செடியைப் பார்த்து முடிவு செய்யலாம். நைட்ரஜன், பொட்டாசியம் போன்றவற்றைச் செடியால் பழைய இலையிலிருந்து பிடுங்கிப் புதிய இலைக்கு அனுப்ப முடியும். அதனால் அவை குறைந்தால் பழைய இலையில்தான் தெரியும். முழுவதும் மஞ்சளானால் நைட்ரஜன், குண்டூசித் துளைகள் விழுந்தால் பொட்டாசியம். இரும்பை அப்படி நகர்த்த முடியாது, அது குறைந்தால் குருத்திலை வெளுக்கும். ‘எந்த இலை?’ என்பதுதான் முதல் கேள்வி, ‘என்ன நிறம்?’ அப்புறம்.

எந்த மீன்கள் செடிக்கு ஒத்துப்போகும்?

நியான் டெட்ரா, ஹார்லிக்வின் ராஸ்போரா, செர்ரி பார்ப், கப்பி, அடியில் உலவும் கோரிடோராஸ். கப்பி தவிர மற்றவை கூட்டமாக வாழ்பவை, ஒவ்வொரு வகையிலும் குறைந்தது ஆறு வேண்டும். 65 லிட்டரில் இரண்டு வகைகளோடு நிறுத்திக்கொள்ளுங்கள். வெப்பம் 24 முதல் 26 டிகிரி இருந்தால் செடி, மீன் இரண்டுக்கும் சுகம். தங்கமீன் வேண்டாம், மென்மையான இலைகளைத் தின்னும், மண்ணையும் கிளறும்.

பாசி தின்ன அமானோ இறால் ஐந்தாறு விடலாம். செடித்தொட்டியை ஒரு நிலக்காட்சிக் கலையாகவே வளர்த்தெடுத்த ஜப்பானியப் புகைப்படக் கலைஞர் தகாஷி அமானோவின் (1954–2015) பெயரால் அது அழைக்கப்படுகிறது. அதன் குஞ்சுகளுக்கு உப்பு கலந்த நீர் வேண்டும் என்பதால் தொட்டியில் பெருகிவிடும் என்ற பயமில்லை.

செடியோடு நத்தைகள் வந்துவிட்டன. கொன்றுவிடலாமா?

விட்டுவிடுங்கள் என்பேன். 1849-இல் ராபர்ட் வாரிங்டன் என்ற ஆங்கிலேய வேதியியலாளர் லண்டனில் ஒரு கண்ணாடிப் பாத்திரத்தில் இரண்டு தங்கமீன்களையும் வாலிஸ்நேரியாவையும் வைத்துப் பார்த்தார். செடி தரும் ஆக்சிஜனில் மீன் வாழ முடியுமா என்று அறிவதே நோக்கம். கொஞ்ச நாளில் உதிர்ந்த இலைகள் அழுகித் தண்ணீர் கலங்கியது, பாசி படர்ந்தது. உங்களுக்கும் எனக்கும் வந்த அதே தொல்லைதான். அவர் நீர்நத்தைகளை விட்டார். அவை அழுகியதையும் பாசியையும் தின்றன, தண்ணீர் தெளிந்தது. அடுத்த ஆண்டு அந்தச் சோதனையை எழுதி வெளியிட்டார்.

சாதாரணச் சின்ன நத்தைகள் நலமான செடியைத் தின்பதில்லை, செத்த இலையைத்தான் தின்னும். அளவுக்கு மீறிப் பெருகினால் தீனி அதிகம் போடுகிறீர்கள் என்று அர்த்தம். குறைத்தால் அவையும் குறையும்.

வெட்டிய செடிகளை என்ன செய்வது?

தண்டுச் செடியின் நுனியை 10 செ.மீ. நீளத்துக்கு வெட்டி அப்படியே பக்கத்தில் நட்டால் புதுச்செடி. அதற்கும் இடம் இல்லாதபோது, இப்போதுதான் தொடங்கும் இன்னொருவருக்குக் கொடுங்கள். முதல் மாதம் அவருக்கு எத்தனை செடி இருந்தாலும் போதாது.

யாரும் இல்லையென்றால் நன்றாகக் காயவைத்து உரக்குழியில் போடுங்கள். ஏரி, குளம், வாய்க்கால், சாக்கடை எதிலும் போடாதீர்கள், ஒரு துணுக்கைக்கூட. தென் அமெரிக்காவிலிருந்து அழகுக்காகக் கொண்டுபோன ஆகாயத்தாமரைதான் இன்று உலகின் எத்தனையோ நீர்நிலைகளை மூடிக் கிடக்கிறது. தொட்டியைக் கழுவிய தண்ணீரையும் ஒரு வலையில் வடிகட்டிவிட்டு மண்ணில் ஊற்றுங்கள். வீட்டுச் செடிகளுக்கு அது நல்ல உரம்.